இரண்டு ரம்பங்களும் ஒரு சாக்கும்

ஓயாமல் பேசிக் கேட்பவரின் பிராணனை வாங்கும் மனிதனை ‘ரம்பம்’ என்றும், அவன் பேச்சை ‘அறுவை’ என்றும், அவன் பேசத் தொடங்குவதைப் ‘பிளேடு போடுவது’ என்றும் வழங்குகிற ஒரு பாஷையில், ரம்பத்தைப் பற்றியே ஒருவன் கட்டுரை எழுதத் துணிவது எவ்வளவு விபரீதமான காரியம் என்பதை நான் அறியாதவனல்லன். அதிலும், செஞ்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 32 ஆண்டுகள் இலக்கணம் போதித்து, குற்றியலுகரப் புணர்ச்சியை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடவேளையில்தான் நடத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தவன் என்ற முறையில், மாணாக்கர்கள் எனக்கு இட்டிருந்த காரணப்பெயரும் அதுவேதான் என்பதை, என் பிரிவுபசார விழாவின் மேடையிலேயே ஒரு பழைய மாணவன் அன்பு மிகுதியால் வெளியிட்டுவிட்டான். சபை சிரித்தது, நானும் சிரித்தேன், என் சகதர்மிணி மட்டும் சிரிக்கவில்லை, தலையை அசைத்து ஆமோதித்தாள். பெயர் இருந்தும் பொருள் இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டோ என்னவோ, ஓய்வூதியம் கைக்கு வந்த சில மாதங்களிலேயே நானும் ஒரு ரம்பம் வாங்கினேன்.

அது கையால் இழுக்கும் ரம்பமன்று. ஆங்கிலத்தில் ஸ்க்ரோல் ஸா என்றும், எங்கள் தெரு ஆசாரியார் வாயில் ‘டிசைன் மிஷின்’ என்றும் வழங்கும் அந்த யந்திரத்துக்கு, இலக்கண ஆசிரியன் என்ற உரிமையில் நான் ‘சித்திர ரம்பம்’ என்று நாமகரணம் செய்தேன். அந்தப் பெயரை இன்றுவரை என்னைத் தவிர எவரும் உபயோகித்ததில்லை. பார்த்திராதவர்கள் தையல் யந்திரத்தை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் 5 அங்குல நீளமும் முறுக்கிய நூலின் பருமனும் உள்ள ஒரு ரம்ப அலகு, மேலும் கீழும் பிடிக்கப்பட்டு, நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணி இருக்க வேண்டிய இடத்தில் பலகையை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்து, பென்சில் கோட்டின் வழியே திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். தையல் யந்திரம் இரண்டை ஒன்றாக்கும். இது ஒன்றை இரண்டாக்கும், கற்றுக்கொள்ளும் காலத்தில் நாலைந்தாகவும் ஆக்கும். பலகையின் ஓரத்தைத் தொடாமல் நடுவே ஒரு பூவை வெட்டி எடுக்க வேண்டுமானால், முதலில் ஒரு சிறு துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடியும் மாட்டி, முறுக்கேற்றி, அதன் பிறகே அறுக்கலாம். பூஜை அறைக் கதவில் ஒரு கொடியும் சில இலைகளும் போடுவதற்கு இப்படி முப்பது நாற்பது முறை கழற்றி மாட்ட நேரும் என்பதையும், அந்த முப்பது நாற்பது முறையில்தான் ஒரு மனிதனுடைய உண்மையான சுபாவம் வெளிப்படும் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே வரப்போகும் பழைய யந்திரத்துக்கும் புதிய யந்திரத்துக்கும் உள்ள வழக்கில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

மரவேலையில் ஆசை வைப்பதற்குச் செஞ்சியைப் போலப் பொருத்தமற்ற ஊர் வேறொன்று இருக்க முடியாது. எங்கள் ஊரில் எந்தத் திசையில் கண்ணை ஓட்டினாலும் கல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும், யாரோ ஒரு பூதம் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கூலி கிடைக்காத கோபத்தில் அடுக்காமல் போய்விட்ட பாறைக் குவியல்கள்; அவற்றைச் சேர்த்து ஓடும் மதில் கல்; ஏறிப் போகும் படி கல்; வெங்கடரமணர் கோயில் தூண் கல். 1750-இல் கோட்டையைப் பிடித்துப் பதினோராண்டு வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனவை என்று சொல்லி, கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைக் காட்டுவார்கள், அவையும் கல்தான். அப்படியே சற்றுத் தள்ளி, விழுப்புரம் போகும் பக்கமாக மண்டகப்பட்டுக்குப் போனால், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமலே இக்கோயிலை ஆக்கினேன் என்று அந்த மன்னன் அங்கே கல்வெட்டே பொறித்து வைத்திருக்கிறான். இதனைச் சிற்பக் கலையில் ஒரு புரட்சி என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். மரத்தை வேண்டாமென்று தள்ளியதை இவ்வளவு பெருமையாக ஒருவன் கல்லில் வெட்டி வைப்பானானால், அதற்கு முன்னால் அவன் மரத்தோடு எவ்வளவு போராடித் தோற்றிருக்க வேண்டும் என்பதை அனுபவஸ்தனாகிய நான் ஊகிக்கிறேன். அந்தக் கல்வெட்டில் அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட விருதுப் பெயர் விசித்திரசித்தன். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் ரம்பம் வாங்குகிற எவனுக்கும் அது பொருந்தும்.

எங்கள் ஜில்லாவில் மரத்தின் மானத்தைக் காப்பாற்றி வந்தது கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்பிகள். அவர்கள் கைவேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்துபோய்விட்டது. பாகப்பிரிவினையில் உளியும் கொட்டாப்புளியும் அவர்கள் பங்குக்குப் போயின. எங்கள் பங்குக்கு மிஞ்சியவன் நான்.

என்னுடைய பழைய யந்திரம் கிடைத்த கதையைச் சொல்கிறேன். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வியைப் பிரஸ்தாபித்த நாள்தொட்டு, பிள்ளைகள் கையால் ஏதாவது ஒரு தொழிலைச் செய்தபடியே கல்வி கற்க வேண்டும் என்ற கொள்கை நாடெங்கும் பரவி, பல பள்ளிகளில் தக்கிளியும் தறியும் தச்சுப் பட்டறையும் வந்து குடியேறின. பிறகு காலம் மாறி, அந்த அறைகளில் கம்ப்யூட்டர் வந்து குடியேறியபோது, பட்டறைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்படி ஓர் ஏலத்தில், மூலையில் கோணிச் சாக்கால் போர்த்தி, மேலே ஒரு உடைந்த உலக உருண்டையைச் சுமந்துகொண்டு அது நின்றிருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தேன், முழுவதும் வார்ப்பிரும்பு, கரும்பச்சை வர்ணம், யானையின் தும்பிக்கைபோல் வளைந்து முன்னே நீண்ட ஒரு மேற்கை, அடியிலே கால் குதிரைச் சக்தி மோட்டாரும் பெல்ட்டும். ஏலத்தில் எனக்கு எதிராக ஒருவரும் கேட்கவில்லை. அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

நாலு ஆட்கள் தூக்கி, இரண்டு ஆட்கள் வழிகாட்டி, ஒரு மீன்பாடி வண்டியில் அது எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. இறக்கி வைத்த இடத்தில் சிமெண்டுத் தரை ஒரு முறை முனகியது. என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது சரி, இந்தச் சாக்கு எதுக்கு? தூக்கிப் போட்டுடட்டுமா?” என்றாள். “சாக்கு இருக்கட்டும், வேண்டியிருக்கும்” என்றேன். எவ்வளவு தீர்க்கதரிசனமான வாக்கு அது என்பது பிற்பாடுதான் எனக்கே விளங்கியது.

அந்தப் பழைய யந்திரத்தின் சூட்சுமத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அதன் மேற்கை அசையாதது. அலகின் கீழ் முனையை மோட்டார் பிடித்துக் கீழே இழுக்கும். மேல் முனையைக் கையின் நுனிக்குழாய்க்குள் இருக்கும் ஒரு சுருள்வில் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளும். இழுப்பவன் மோட்டார், மீட்பவன் சுருள்வில். இந்த இருவருக்கும் ஒருமனப்பட்ட அபிப்பிராயம் இருக்கும்வரை காரியம் ஒழுங்காக நடக்கும். வேகம் கூடிவிட்டாலோ, சுருள்வில்லுக்கு வயதாகிவிட்டாலோ, மோட்டார் மேலே தள்ளும் வேகத்துக்கு வில்லால் இழுத்துக்கொள்ள முடியாமல், நடுவில் அகப்பட்ட அலகு ஒரு கணம் தளர்ந்து, வளைந்து, அடுத்த கணம் சுண்டி இழுக்கப்பட்டு, ‘டங்’கென்று உடைந்துபோகும். என் சுருள்வில்லுக்கு என்னைவிட வயது அதிகம் என்று நினைக்கிறேன். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், யந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, நாலு படிகள் உள்ள கப்பியில் பெல்ட்டை ஒரு படியிலிருந்து மறு படிக்கு விரலால் தள்ளி மாற்ற வேண்டும். விரலைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அலகை மாற்ற வேண்டுமானால், ஒரு சிறு திருகை அதற்கென்றே உள்ள சாவியால் தளர்த்த வேண்டும். அந்தச் சாவி, எங்கள் வீட்டுச் சாவிகள் எல்லாவற்றையும்போல, தேடாத சமயங்களில் மட்டும் கண்ணில் படும். மரத்தூளை ஊதித் தள்ளுவதற்காக ஒரு துருத்தியும் அதில் வைத்திருந்தார்கள். மரத்தூள் கோட்டை மறைக்காமல் விலக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது விலகிற்று, விலகி நேரே என் கண்ணுக்குள் வந்தது.

சப்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அது ஓடத் தொடங்கினால், கோட்டைக்குள் ஒரு குதிரைப்படை இறங்குவதுபோல் இருக்கும். அடுத்த வீட்டில், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார்; அவர் மத்தியானத் தூக்கத்தை ஓர் ஆகம அனுஷ்டானமாகக் கடைப்பிடிப்பவர். முதல் வாரம் முடிந்தபோது மதில்மேல் தலையை நீட்டி, “சார், தேசிங்கு ராஜா 1714-லேயே செத்துட்டாருன்னு படிச்ச ஞாபகம். குதிரை மட்டும் உங்க வீட்டுல இருக்குதா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

இவ்வளவு குறைகள் இருந்தும் அந்த யந்திரத்தோடு நான் கழித்த இரண்டு வருஷங்களை என் வாழ்க்கையின் வசந்த காலம் என்றே சொல்வேன். ஏனெனில், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் முன்னோர் பரிகசித்திருக்கிறார்களே, அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஓர் அனுதாபம் உண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால் அவள் என்ன செய்வாள்? எனக்கு வாய்த்த கூடம் உண்மையிலேயே கோணல். மயில் என்று தொடங்கிய ஒரு பலகை, மூக்குக்குப் போகும் வழியில் அலகு உடைந்து, புறாவாக முடிந்தது. “என்னங்க, மயிலுன்னு சொன்னீங்க?” என்று கேட்டவளுக்கு, “ரம்பம் உடைஞ்சுபோச்சு” என்ற இரண்டே சொற்கள் போதுமானவையாக இருந்தன. சம்பந்தி வீட்டுக்காக வெட்டிய ‘நல்வரவு’ப் பலகையில் லகரத்தின் சுழி அறுந்து விழுந்தபோதும் அதே பதில். கூடத்துக் கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு பக்கத்துக் கொடிகளும் இரண்டு வெவ்வேறு ஜாதித் தாவரங்களைப்போல் அமைந்தபோதும் அதே பதில். நான் கெடுத்ததெல்லாம் அந்த இரும்பின் குற்றம். அது நான் சொன்ன குற்றங்களையெல்லாம் வாய்திறவாமல் ஏற்றுக்கொண்டது. மனைவியும் சுற்றத்தாரும், ‘பாவம், நல்ல மிஷின் மட்டும் இருந்தால் இவர் என்னென்னவோ செய்திருப்பார்’ என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு என் கீர்த்தி வளர்ந்தது.

ஒரே ஒரு தடவை மட்டும் அந்தக் குற்றச்சாட்டு அநியாயமானது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பலகை என் கையோடு துள்ளித் துள்ளி எழும்பி, மேஜைமேல் தாளம் போட்டு, கடைசியில் அலகும் முறிந்தது. யந்திரத்தை ஒரு முழு நாள் வைதுவிட்டு, மறுநாள்தான் அலகை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டியவை, மேல்நோக்கி இருந்தன. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். இதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை.

அப்போதுதான் கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்தாள். அவளுக்குச் செஞ்சிக் கோட்டையின் படத்தை ஒட்டுப்பலகையில் ஒட்டி, துண்டு துண்டாக அறுத்து, மறுபடி சேர்க்கும் விளையாட்டுச் சாமானாகச் செய்து தருவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். இந்த யோசனை என்னுடையதன்று. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற படம் செதுக்கும் தொழிலாளர், பிள்ளைகளுக்குப் பூகோளம் புகட்டும் பொருட்டு, தேசப் படத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக் கோடுகளின் வழியே நுண்ணிய ரம்பத்தால் அறுத்து விற்றார். உலகமெங்கும் குழந்தைகள் இன்று ஜிக்ஸா என்று சொல்லி விளையாடும் புதிரின் பூர்வோத்தரம் அதுதான். அந்தப் பெயரே பிற்காலத்தில் இத்தகைய ரம்பத்தைக் கொண்டு ஏற்பட்டது. ஸ்பில்ஸ்பரி கையால் அறுத்தார். என்னிடம் மோட்டார் இருக்கிறதே என்ற இறுமாப்பில் நான் இறங்கினேன்.

ஔரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகர்கான், மராட்டிய அரசன் ராஜாராம் உள்ளே இருந்த இந்தக் கோட்டையை 1690-இல் முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தான் என்பதையும், பிடிப்பதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டான் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த யந்திரத்தின் முன் நான் உட்கார்ந்த முதல் பத்து நிமிஷத்துக்குள்ளாகவே கிருஷ்ணகிரி நடுவில் பிளந்தது. சந்திரகிரியின் பாதி, துருத்திக் காற்றில் பறந்து துளசி மாடத்தடியில் விழுந்தது. ராஜகிரியின் உச்சிக்கு அருகே உண்மையான கோட்டையில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவும் அதன்மேல் ஒரு பாலமும் உண்டு. என் பலகையில் பிளவு மட்டும் மிகவும் தத்ரூபமாக அமைந்தது. ஜுல்பிகருக்கு எட்டு வருஷம் பிடித்த காரியத்தை நான் ஒரு மத்தியானத்தில் முடித்தும், என் பேத்தி, “தாத்தா, இது என்ன தாத்தா, எந்தத் துண்டும் எதுலயும் சேரமாட்டேங்குது?” என்று கேட்டாள். “ரம்பம் உடைஞ்சுபோச்சு கண்ணு” என்றேன். அடுத்த பலகை, அதற்கடுத்த பலகை என்று விடுமுறை முடியும்வரை முற்றுகை நீடித்தது. ஜுல்பிகர்கான் வேண்டுமென்றே முற்றுகையை நீட்டித்தான் என்று அக்காலத்திலேயே அவன்மீது ஒரு சந்தேகம் இருந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. என்மீதும் அப்படி ஒரு பார்வை சமையலறைப் பக்கமிருந்து விழத் தொடங்கியதை நான் கவனித்தேன்.

இந்நிலையில்தான் எங்கள் தெரு ஆசாரியார், கொல்லைக் கதவின் கீலைச் சரிசெய்ய வந்தவர், பின்கட்டில் என் கோலத்தைக் கண்டு நின்றார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். பலகையைப் புரட்டிப் பார்த்தார். “வாத்தியாரய்யா, ஒரு பீடி குடிக்கிற நேரம் குடுங்க” என்றார். தம் பையிலிருந்து, குதிரை லாடத்தை நீட்டி வைத்தாற்போன்ற ஒரு சிறு கைரம்பத்தை எடுத்து, அதில் என்னுடைய அலகையே மாட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, எந்தவித அவசரமும் இல்லாமல் மேலும் கீழுமாக இழுத்தார். கோடு எங்கே போகச் சொன்னதோ அங்கே ரம்பம் போயிற்று. படத்திலிருந்த கல்யாண மகால் முழுசாக, முடியோடு, என் கையில் வந்து சேர்ந்தது. “உங்க மிஷின் நல்ல மிஷின்தானுங்க, என்ன, கொஞ்சம் கோவக்காரன்” என்று சொல்லிவிட்டுக் கீலுக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு போனார். இந்தச் சம்பவத்தை என் மனைவி பார்த்துவிட்டாள். அதிலிருந்துதான் புதிய யந்திரம் வாங்கும் பேச்சு ஆரம்பித்தது.

பெங்களூரிலிருக்கும் என் மகன் ஏற்பாட்டில் அது ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. ஒரே ஆள் தூக்கி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். இரும்பு யந்திரங்களைப் பற்றி நான் கொண்டிருந்த பக்தி அந்த க்ஷணமே பாதி குறைந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது குறைந்த பாதி திரும்பி வந்தது. இதில் இரண்டு கைகளும் அசைகின்றன. மேற்கையும் கீழ்க்கையும் ஒன்றுக்கொன்று இணையாக நின்று, இரட்டை மாடுகள் ஒரே நுகத்தில் நடப்பதுபோல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால், நடுவில் பிடிபட்ட அலகின் முறுக்கு எப்போதும் ஒரே அளவாக இருக்கிறது, தளர்வதுமில்லை, சுண்டப்படுவதுமில்லை. தப்பித்தவறி அலகு உடைந்தாலும் மேற்கை தானாகவே மேலே எழும்பி நின்றுவிடும். பழையதிலோ, உடைந்த கீழ்ப்பாதி, நான் விசையை நிறுத்தும்வரை, பலகையின் அடிவயிற்றில் குத்திக்கொண்டே இருக்கும். வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. வானொலியில் சப்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல், நிமிஷத்துக்கு 400 தடவையிலிருந்து 1,600 தடவைவரை விரல் நுனியில் மாற்றலாம். அலகைக் கழற்ற ஒரு கைத்திருகு, முறுக்கேற்ற ஒரு நெம்பு, சாவி கிடையாது, ஆகவே தொலைவதும் கிடையாது. சிறு விளக்கு ஒன்று. ஊதுகுழாய் ஒன்று, அது என் கண்ணைத் தவிர மற்ற திசைகளில் ஊதுகிறது.

இதையெல்லாம் புதுமை என்று நான் புளகாங்கிதம் அடைந்திருந்த சமயத்தில், ஒரு பழைய படத்தைப் பார்க்க நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த வேலை ஒரு பெரும் பைத்தியமாகவே பரவியிருந்தது. ராக்ஃபோர்டு நகரத்தில் பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் மிதித்து ஓட்டும் ரம்ப யந்திரங்களைச் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் டெரஹாம் என்ற ஊரைச் சேர்ந்த ஹாபீஸ் கம்பெனி, 1895 முதல் ஒரு வாரப் பத்திரிகையை நடத்தி, அதனுடன் வெட்டுவதற்கு மாதிரிப் படங்களும் கொடுத்து வந்தது. அக்காலத்து மிதி யந்திரங்கள் பலவற்றில், மேலும் கீழும் இரண்டு மரக்கைகள். அவை இரண்டும் சேர்ந்தே அசையும். பிற்பாடு மோட்டார் வந்து வேகம் கூடியதும், அசையும் கைகளை விட்டுவிட்டு, அசையாத இரும்புக் கையும் சுருள்வில்லுமாகச் செய்யத் தலைப்பட்டார்கள். என் யந்திரம் அந்த வம்சம். 1970-களில் ஜெர்மனியிலிருந்து ஹெக்னர் என்ற பெயருடைய யந்திரம் வந்து, இணைகைகளுக்கு மறுபடியும் பட்டாபிஷேகம் செய்தது. ஆக, நான் புதியது என்று வாங்கியது தாத்தாவின் முறை. பழையது என்று ஒதுக்கியது இடையில் வந்த மகனின் முறை. பேரன் முகம் தாத்தாவைப்போல் இருப்பது எல்லாக் குடும்பத்திலும் சகஜந்தானே.

பழையதன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதன் எடையே அதற்கு அஸ்திவாரம். எவ்வளவு சப்தமிட்டாலும் நின்ற இடத்திலிருந்து நகராது. புதியதை மேஜையோடு போல்ட்டு போட்டு முடுக்கவில்லையென்றால், அது மெள்ள மெள்ள நடந்து விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கும். பழையதில் அலகுக்கும் பின்தூணுக்கும் இடையே 24 அங்குல இடம். ஊஞ்சல் பலகையின் முதுகுச் சட்டத்தையே உள்ளே விட்டுத் திருப்பலாம். புதியதில் 16 அங்குலந்தான். பெரிய பலகை உள்ளே போனால் பின்கையில் முட்டிக்கொள்ளும். தடித்த அலகைக் கீழ்ப்பிடியில் மட்டும் மாட்டி, மேற்பிடியே இல்லாமல் ஓட்டவும், அலகுக்குப் பதில் சிறு அரத்தை மாட்டி உட்புறத்தை ராவவும் பழையதில் வசதி உண்டு. புதியதில் இரண்டு முனையையும் பிடித்தால்தான் ஓடும். அதன் உடலைச் சுத்தியலால் அடித்தாலும் சுத்தியலுக்குத்தான் ஆபத்து. புதியதன் பக்கமூடியை நான் முழங்கையால் இடித்ததில் அது உள்ளே அமுங்கிவிட்டது. இந்த நியாயங்களையெல்லாம் நான் வீட்டில் எடுத்துச் சொன்னேன். எவரும் செவிசாய்க்கவில்லை.

இவ்வளவு நல்ல யந்திரம் வந்தபிறகு என் நிலைமை என்னவாயிற்று என்று கேட்க வேண்டாம். முதல் மாதத்திலேயே விஷயம் அம்பலமாகிவிட்டது. அலகு உடையவில்லை, முறுக்குத் தளரவில்லை, விளக்கு பளிச்சென்று எரிந்தது, மின்சாரம்கூட அந்த மாதம் என்னைக் காட்டிக்கொடுப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டாற்போல் ஒரு நாளும் நிற்கவில்லை. மயில் அப்போதும் புறாவாகத்தான் வந்தது. முன்பு மூக்கு உடைந்த புறா, இப்போது மழமழவென்று ஓரம் தேய்த்த, குறையொன்றும் இல்லாத, பரிபூரணமான புறா. என் கை எந்த இடத்தில் தயங்கியதோ, எந்த வளைவில் கண் கோட்டைவிட்டு விலகியதோ, அதையெல்லாம் அந்த யந்திரம் ஒன்றுவிடாமல், சாட்சிக் கூண்டில் ஏறியவன்போல், பலகையில் எழுதிக் கொடுத்தது. “மிஷின் நல்லாத்தான் ஓடுது, இல்லீங்க?” என்று என் மனைவி கேட்டாள். அதில் கேள்விக்குறி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேத்திக்குக் கோட்டைப் புதிரைச் செய்து முடித்தேன். எல்லாத் துண்டுகளும் அழகாகச் சேர்ந்தன. சேர்ந்தபிறகுதான், படத்தை ஒட்டும்போதே நான் ஓரமாக இழுத்து ஒட்டிவிட்டதால், ராஜகிரி சற்றே சாய்ந்து கிருஷ்ணகிரியின் தோளில் தலைவைத்திருப்பது தெரிந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டையாக எங்கள் செஞ்சியையும் அதில் சேர்த்தார்கள். நல்லவேளையாக அவர்கள் பார்த்தது அசல் கோட்டையை.

பழையதை விற்றுவிடுவதென்று தீர்மானமாகி, தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவரை அழைத்தோம். அவர் யந்திரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். மறுபக்கம் வந்து தள்ளிப் பார்த்தார். தம் மூன்று சக்கர வண்டியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், இதுக்குப் பேரீச்சம்பழம் குடுத்தா உங்க தெருவே ஒரு மாசம் சாப்பிடலாம். ஆனா வண்டி அச்சு முறிஞ்சுடும்” என்றார். பிறகு, வெறுங்கையோடு போவானேன் என்றோ என்னவோ, “மேலே போட்டிருக்கிற சாக்கையாவது குடுங்க சார், பழம் மூட்டை கட்ட ஆகும்” என்றார். சாக்கு மட்டும் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த இரும்பு மேஜை, கோடையில் என் மனைவி வடகம் காயவைக்கும் பீடமாக இருக்கிறது. சமமாக இருப்பதாகவும், காற்றுக்கு ஆடுவதில்லை என்றும், இவ்வளவு நல்ல சாமானை விற்கப் பார்த்தீர்களே என்றும் அவள் சொல்கிறாள்.

போன வியாழக்கிழமை, வாகைப் பலகை ஒன்றில் மறுபடியும் மயில் வெட்டத் தொடங்கினேன். கொண்டை முடிந்து, நெற்றி முடிந்து, மூக்கின் வளைவில் திரும்பும்போது, புதிய யந்திரம் ‘டிங்’ என்று ஒரு மெல்லிய நாதத்தை எழுப்பி, மேற்கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நானும் எழுந்து நின்றேன். இரண்டு வருஷப் பிரிவுக்குப் பின் பாலிய சிநேகிதன் ஒருவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாற்போல் இருந்தது எனக்கு. அலகு உடைவதற்கு முன்பே என் கை கோட்டைவிட்டு ஒரு விரற்கடை தூரம் புறாவை நோக்கிப் போயிருந்தது என்பது எனக்கும் அந்த யந்திரத்துக்கும் மட்டுந்தான் தெரியும். அதற்குப் பேச வராது.

“என்னங்க அங்கே சத்தம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ரம்பம் உடைஞ்சுபோச்சு!” என்றேன், அடுத்த வீட்டு நண்பர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும் அளவுக்கு.